கொடைக்கானல் ஒற்றையடிப் பாதைகளில் இரண்டு வருடம்

மதுரையில் எட்டு வருடம் ஓடினேன். ரேஸ்கோர்ஸ் மைதானம், வண்டியூர் கண்மாய்க் கரை, ஞாயிற்றுக்கிழமை என்றால் அழகர்கோயில் சாலை. எங்கே ஓடினாலும் தரை தட்டை. கிலோமீட்டருக்கு ஆறு நிமிடம் என்று கைக்கடிகாரம் காட்டிவிட்டால் அன்றைக்கு மனசு நிறைந்துவிடும். அலுவலகத்தில் மாற்றல் போட்டு இரண்டு வருடம் கொடைக்கானலில் இருக்கச் சொன்னபோது ஸ்வெட்டர் வாங்குவதைப் பற்றித்தான் யோசித்தேன். ஓடுவதை முதலிலிருந்து கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும் என்று தோன்றவே இல்லை.

முதல் வாரம் ஏரியைச் சுற்றினேன். அங்கே ஓட நினைக்கிற யாரும் ஏரிச் சாலையில்தான் தொடங்குவார்கள், தொடங்கவும் வேண்டும். ஏறத்தாழ 5 கி.மீ. சுற்று, பெரிய ஏற்ற இறக்கம் இல்லை. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைகளை மறித்துக் கரை போட்டு உண்டாக்கிய ஏரி அது. கையும் விரலுமாக நீண்டு கிடப்பதால் சாலையும் கூடவே வளைந்து வளைந்து போகும். எதிர்க்கரையில் கூப்பிடு தூரத்தில் தெரியும் மரத்தடிக்குப் போய்ச்சேரப் பத்து நிமிடம் ஆகும். காலை ஆறு மணிக்குத் தண்ணீரிலிருந்து ஆவி கிளம்பிக்கொண்டிருக்கும். கொஞ்சம் பொழுது ஏறிவிட்டால் வாடகைச் சைக்கிள்களும் குதிரைகளும் வந்துவிடும்.

அந்த முதல் நாள் இரண்டாவது கிலோமீட்டரிலேயே நின்றுவிட்டேன். கால் வலிக்கவில்லை, மூச்சுதான் எட்டவில்லை. கொடைக்கானல் ஊர் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றில் ஆக்சிஜனின் பங்கு மதுரையில் இருப்பதேதான். ஆனால் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கைவிடச் சற்றுத்தான் அதிகம். ஒவ்வொரு மூச்சிலும் உள்ளே போவது அந்த அளவுக்குக் குறைகிறது. மதுரை வேகத்தை அங்கேயும் பிடித்துவைக்க நினைத்தது என் தப்பு. அடுத்த பத்து நாளும் கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஓடிக்கொண்டே ஒரு முழு வாக்கியத்தைப் பேச முடிகிறதா என்று மட்டும் பார்த்தேன். பேச முடியாவிட்டால் நடந்தேன். சமவெளியிலிருந்து இரண்டு நாள் விடுமுறைக்கு வந்து ஓடுகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். இன்னொன்று, குளிரில் தாகம் தெரியாது. தொண்டை கேட்காவிட்டாலும் அரை மணிக்கு ஒரு தரம் இரண்டு மிடறு குடித்துவிட வேண்டும்.

மூச்சு பழகியதும் அப்சர்வேட்டரி சாலையில் ஏறத் தொடங்கினேன். ஊருக்கு மேலே 2,343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது சூரிய ஆய்வுக்கூடம். 1899-ல் சென்னையிலிருந்து இங்கே கொண்டுவந்து, 1901 முதல் சூரியனைப் பார்த்துவருகிறார்கள். சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை ஜான் எவர்ஷெட் 1909-ல் கண்டது இங்கேதான். ஏரியிலிருந்து அங்கே போகும் தார்ச்சாலை விடாத ஏற்றம். செவ்வாய்க்கிழமைதோறும் அதில் ஓடியே ஏறுவது என்று வைராக்கியமாக இருந்தேன். பாதியில் நெஞ்சு அடைக்கும், நின்று மூச்சு வாங்குவேன், மறுபடி ஓடுவேன். ஒரு செவ்வாய்க்கிழமை சளி பிடித்திருந்ததால், தொடையில் கை ஊன்றி விறுவிறுவென்று நடந்தே ஏறினேன். மேலே போய்க் கடிகாரத்தைப் பார்த்தால் வழக்கத்தைவிட ஒன்றரை நிமிடம்தான் தாமதம். உடம்போ அன்றைக்கு இன்னொரு தரம் ஏறத் தயாராக இருந்தது.

ஏற்றத்தில் நடப்பது கேவலம் என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. தட்டைத் தரையில் ஓடி ஓடி நானே வளர்த்துக்கொண்ட எண்ணம் அது. மலைப்பாதையில் நெடுந்தூரம் ஓடுகிறவர்கள் செங்குத்தான ஏற்றங்களில் நடக்கத்தான் செய்கிறார்கள். அந்த நடைக்கும் ஒரு முறை இருக்கிறது. அடி குட்டையாக வைக்க வேண்டும். குதிகாலும் தரையில் பட வேண்டும். முன்காலிலேயே ஏறினால் கெண்டைக்கால் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். இடுப்பை மடக்கிக் குனியாமல் உடம்பு முழுவதையும் கணுக்காலிலிருந்து முன்னால் சாய்க்க வேண்டும்.

தூரத்தை வைத்து நேரம் கணக்குப் போடுவதையும் அங்கேதான் விட்டேன். 1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் மலை நடைக்கு ஒரு கணக்குச் சொன்னார். 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். 6 கி.மீ. தூரம், 600 மீட்டர் ஏற்றம் என்றால் இரண்டேகால் மணி நேரம் ஒதுக்க வேண்டும். ஓடுகிறவர்களுக்கு இது அதிகமாகத் தோன்றும். நான் இந்தக் கணக்கையே வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்புவேன். முன்னதாக வந்துவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. வருகிற நேரம் தாண்டினால் தேடத் தொடங்குவதற்கு ஒரு அளவு வேண்டுமே.

தார்ச்சாலையை விட்டு மண்பாதையில் கால் வைத்த பிறகுதான் கொடைக்கானல் எனக்கு விளங்க ஆரம்பித்தது. ஊரிலிருந்து பாம்பார்புரம் வழியாக வட்டக்கானல் வரை 5 கி.மீ. சொச்சம் சாலை. அங்கிருந்து டால்பின் நோஸ் பாறைக்கு மரவேர்களுக்கு நடுவே ஒரு பாதை இறங்கும். ஒரு கிலோமீட்டர் போலத்தான் இருக்கும். விடுமுறை நாட்களில் பகலில் அங்கே ஓட நினைக்கவே கூடாது. செருப்புக் காலோடு குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குகிற குடும்பங்களுக்கு நடுவில் ஒருவர் பாய்ந்து வருவது முறையும் இல்லை. வார நாளில் ஏழு மணிக்கு முன்னால் போனால் பாதை நமக்கே நமக்கு.

அந்தச் சின்னத் தூரத்துக்குள்ளேயே தரை எத்தனை மாதிரி மாறுகிறது என்பதைக் கால் சொல்லும். தைல மரத்தடியில் உரிந்து விழுந்த பட்டைகள் நீள நீளமாகக் கிடக்கும், மிதித்தால் உருளும். சீகை என்கிற வாட்டில் மரத்தடியில் வேர் மேலாக ஓடும். மழை பட்ட வேரில் குறுக்கே கால் வைத்தால் சோப்பில் வைத்த மாதிரி. வேரைத் தாண்ட வேண்டும், அல்லது வேருக்கும் வேருக்கும் நடுவில் மண்ணில் மிதிக்க வேண்டும். பைன் மரத்தடி பார்வைக்கு மெத்தை விரித்த மாதிரி இருக்கும். அதை நம்பித்தான் நான் விழுந்தேன். காய்ந்த ஊசியிலை ஒன்றன் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும், கீழே இருக்கும் கல்லையும் மறைக்கும். பாறை காய்ந்திருந்தால் ஷூ கவ்விப் பிடிக்கும். அதே பாறையில் பாசி படிந்து பச்சையாகவோ கருப்பாகவோ தெரிந்தால் அதில் முழு எடையையும் வைக்கக் கூடாது.

இந்த மூன்று மரமும் மனிதர்கள் கொண்டுவந்து நட்டவை. பழனி மலையின் சொந்தக் காடு சோலை. பள்ளங்களில் ஓடையை ஒட்டிக் குட்டையாக, அடர்த்தியாக நிற்கும். மேட்டில் புல்வெளி. அந்தப் புல்வெளிகளில் பெரும்பகுதி சீகைக்கும் பைனுக்கும் தைல மரத்துக்கும் போய்விட்டது. பாம்பார் சோலையின் ஓரமாகப் போகும்போதெல்லாம் அந்த வித்தியாசம் தோலிலேயே தெரியும். சோலை நிழல் விழுந்ததும் சட்டென்று குளிரும், தரை பஞ்சு மாதிரி ஈரமாகும், மழை விட்டு நாலைந்து நாள் ஆகியும் எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்கும். பைன் காட்டில் அந்தச் சத்தம் இருக்காது. எந்த மரத்தடியில் ஓடுகிறோம் என்பது தெரியாமல் ஓடுவது, ஊருக்குள் யார் வீட்டுத் திண்ணை என்று தெரியாமல் உட்காருவது மாதிரி எனக்குப் படும்.

விழுந்த கதைக்கு வருகிறேன். நான்காவது மாதம். இறக்கத்தில் வேகமாக வந்துகொண்டிருந்தேன், பைன் ஊசியில் வலது கால் முன்னால் வழுக்கி, இடது கணுக்கால் உள்பக்கமாக மடிந்தது. எலும்பு முறியவில்லை. ஆனால் ஒரு கிலோமீட்டர் ஏறி வர ஒன்றேமுக்கால் மணி நேரம் ஆனது. போனில் சிக்னல் இல்லை. வேர்த்திருந்த பனியன் குளிர்ந்துபோய் உடம்பு நடுங்க ஆரம்பித்துவிட்டது. கணுக்கால் வலியைவிட அந்த நடுக்கம்தான் பயமாக இருந்தது. ஓடும்போது உடம்பு தானாகச் சூடாக இருக்கும். நின்றுவிட்டால் மலையில் பத்தே நிமிடத்தில் குளிர் பிடித்துவிடும். அன்றிலிருந்து, முக்கால் மணி நேர ஓட்டத்துக்கும் முதுகுப் பையில் ஒரு காற்றுத் தடுப்புச் சட்டை, கிரேப் பேண்டேஜ், விசில், கடலை மிட்டாய் நாலு இல்லாமல் நான் போவதில்லை.

அன்று மேலே ஏறிக்கொண்டிருந்தபோது, தலையில் சுமையோடு ஒரு பாட்டி எதிரே இறங்கி வந்தார். கீழே மலைச்சரிவில் இருக்கும் வெள்ளகவி கிராமத்துக்காரர். அரிசியும் சாமானும் கட்டிய சாக்கு, வெறுங்கால். என்னைப் பார்த்ததும் நின்று, சுமையை இறக்காமலே, என்ன ஆச்சு என்று கேட்டார். சொன்னேன். "எறக்கத்துல காலையே பாத்துக்கிட்டு வந்தியா தாயி? காலப் பாக்கக் கூடாது. மூணு எட்டுக்கு முன்னால பாரு. கண்ணு எங்க போகுதோ காலு அங்க வந்துரும்" என்றார். பிறகு நான் ஏறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அவர் போகும் விதத்தை நான் திரும்பிப் பார்த்தேன். அடி குட்டை குட்டையாக, ஆனால் இடைவெளி விடாமல் விழுந்துகொண்டே இருந்தது. முழங்கால் எப்போதும் கொஞ்சம் மடங்கியே இருந்தது. தலைச்சுமை அசையவே இல்லை.

நீளமாக எட்டி வைத்தால் குதிகால் முன்னால் போய் ஊன்றும், உடம்பு பின்னால் தங்கிவிடும், கால் வழுக்கினால் மீட்க முடியாது. குட்டையான அடி என்றால் ஒரு கால் வழுக்குவதற்குள் அடுத்த கால் தரைக்கு வந்துவிடும். கணுக்கால் ஆறியதும் ஆறு வாரம் இதை மட்டும்தான் பழகினேன். கைகளைப் பக்கவாட்டில் கொஞ்சம் விரித்துக்கொண்டு, மூன்று எட்டுக்கு முன்னால் பார்த்து, சத்தம் வராமல் மிதிப்பது. பாதம் தடதடவென்று சத்தம் போட்டால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

தொடை வலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சமவெளி ஓட்டக்காரர்கள் எல்லோரையும் அது பிடிக்கிறது. இறக்கத்தில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே சுருங்கி, உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது. தசை நார்களில் நுண்ணிய சேதம் வருவது இப்படிப்பட்ட வேலையில்தான் அதிகம். வலி அன்றைக்குத் தெரியாது, இரண்டாம் நாள் மாடிப்படி இறங்கும்போது தெரியும். ஆனால் தசைக்கு ஞாபகம் உண்டு. ஒரு தரம் நல்ல இறக்கம் கொடுத்துவிட்டால் அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கம் அந்த அளவு சேதம் செய்யாது. அதனால் ஒரு பெரிய மலை ஓட்டத்துக்குப் போகிறவர்கள் இரண்டு மூன்று வாரம் முன்னதாக ஒரு நீண்ட இறக்கத்தை ஓடிவிடுவது நல்லது. மலை கிடைக்காதவர்களுக்குப் பாலத்தின் சரிவோ பல மாடிக் கட்டடத்தின் படிக்கட்டோ போதும்.

அந்தப் பாட்டியைச் சந்தித்த பிறகுதான், நான் ஓடுகிற பாதைகள் யார் போட்டவை என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1845-ல் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள் காய்ச்சலுக்குப் பயந்து மேலே வந்து வீடு கட்டினார்கள். அதற்கு 24 வருடம் முன்பே, 1821-ல், லெப்டினன்ட் வார்டு நில அளவைக்காக இந்த மலைக்கு வந்து போயிருந்தார். மோட்டார் வண்டி போகும் லாஸ் காட் சாலை 1916-ல்தான் திறந்தது. இடையில் எழுபது வருடம் இந்த ஊருக்கு வந்த பாதை, பெரியகுளம் பக்கத்தில் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து செண்பகனூர் வரை ஏறியது. ரயில் நிலையத்திலிருந்து இரவெல்லாம் மாட்டு வண்டியில் தோப்புக்கு வந்து, விடியலில் மேலே கிளம்புவார்கள். துரைமார்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் நாற்காலியில் உட்கார, அதைத் தோளில் தூக்கிக்கொண்டு நம்மூர் ஆட்கள் ஏறினார்கள். ஊரில் இன்றைக்கும் நிற்கிற பழைய பங்களாக்களுக்குள் இருந்த கட்டிலும் பீரோவும் அப்படித்தான் வந்திருக்க வேண்டும். கோக்கர்ஸ் வாக், பிரையண்ட் பூங்கா, லாஸ் காட் என்று கொடைக்கானல் முழுக்கத் துரைமார் பெயர்கள். சுமந்து ஏறியவர்களில் ஒருவர் பெயர்கூட எந்தத் திருப்பத்துக்கும் இல்லை. அந்தப் பாதைகளின் சரிவு, வளைவு, இளைப்பாற விட்ட இடம் எல்லாம் சுமையோடு ஏறுகிற காலுக்காக அமைந்தவை. இதை அறிந்த பிறகு வளைவுகளைக் குறுக்கே வெட்டி இறங்குவதை விட்டுவிட்டேன். குறுக்கு வழியில் மழைத்தண்ணீர் புகுந்து பாதையையே அரித்துவிடும் என்பதும் உண்மைதான், ஆனால் என் மனதில் முதலில் வந்தது அந்தத் தோள்கள்.

இனி நான் செய்த பெரிய தவறு. ஏழாவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை, டால்பின் நோஸ் தாண்டிக் கீழே இறங்கும் பாதையில், அனுமதி எதுவும் வாங்காமல், யாரிடமும் சொல்லாமல் தனியாக ஓடிப் போனேன். அரை மணி நேரம் இறங்கியிருப்பேன். வேட்டைத் தடுப்புக் காவலர் ஒருவர் எதிரில் வந்தார். கோபப்படவில்லை. "நீங்க உள்ள வந்தது ரேஞ்ச் ஆபீஸ்ல யாருக்குமே தெரியாதே மேடம். காலு மடங்குனா யாரு வந்து தூக்குறது? இன்னிக்கு இந்தப் பக்கம் நான் வந்ததே வேற வேலைக்கு" என்றார். என்னைக் கூட்டிக்கொண்டு மேலே வரை வந்துவிட்டுப் போனார். அவருடைய காலை வேலை என்னால் கெட்டது.

கொடைக்கானலைச் சுற்றியுள்ள காடு 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம். 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல். ஊர் எல்லை எங்கே முடிகிறது, காடு எங்கே ஆரம்பிக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. பழைய வரைபடத்திலோ யாரோ ஓடிப் பதிவேற்றிய ஜிபிஎஸ் கோட்டிலோ பாதை இருப்பது அனுமதி ஆகாது. 2018 மார்ச் 11-ல் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்களைக் காட்டுத்தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதன்பிறகு மலையேற்றத்துக்கு விதிகள் வந்தன. 2024-லிருந்து ட்ரெக் தமிழ்நாடு என்ற வனத்துறை இணையதளத்தில் பாதைகளுக்குப் பதிவு செய்யலாம், வழிகாட்டி கூட வருவார். கோடையின் தொடக்கத்தில் தீக்காலம் என்று மூடிவிடுவார்கள். அப்போது கெஞ்சிக் கேட்டுக்கொண்டு நிற்கக் கூடாது. சீகை, பைன் சருகு காய்ந்து கிடக்கும்போது நெருப்பு மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு எந்த மனிதனும் ஓட முடியாது. வெளியூரிலிருந்து வண்டியில் வருகிறவர்கள், நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதம் முதல் இருக்கும் இ-பாஸையும் எடுத்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கும் இங்கே தடை, சொந்தக் குப்பி கொண்டுவாருங்கள்.

அனுமதி தேவைப்படாத இடத்திலேயே ஒரு வருடத்துக்கு ஓட நிறைய இருக்கிறது. ஏரி, ஏரியிலிருந்து மேல் சோலை சாலை, அப்சர்வேட்டரி ஏற்றம், குறிஞ்சி ஆண்டவர் கோயில் சாலை, நாயுடுபுரம் இறங்கித் திரும்பி ஏறுவது. இவற்றைக் கோத்தால் 15 கி.மீ. வரும், கால் நன்றாகக் கேட்கிற அளவு ஏற்றமும் கிடைக்கும். குறிஞ்சி ஆண்டவர் கோயிலிலிருந்து தெளிந்த காலையில் பழனியும் சமவெளியும் தெரியும். கோக்கர்ஸ் வாக்கில் ஓட முயலாதீர்கள். செங்குத்துச் சரிவின் விளிம்பில் 1872-ல் போட்ட குறுகலான நடைபாதை அது, நடக்கத்தான் லாயக்கு.

ஊர்ச் சாலைகளில் ஓடும்போது என்னை அதிகம் பயமுறுத்தியது காட்டுமாடு. ஒரு டன் வரை எடை இருக்கும் விலங்கு, பேருந்து நிலையத்துப் பக்கம்கூட வந்து நிற்கும். பழகிவிட்ட மாதிரித் தெரியும். அதுதான் ஆபத்து. பியர் சோலைப் பக்கம் ஒரு காலை, மூட்டத்தில் பாறை என்று நினைத்தது பத்தடியில் தலையைத் தூக்கியது. தனியாக நிற்கும் கிடா. ஓடாமல், முதுகைக் காட்டாமல், ஒவ்வொரு அடியாகப் பின்னால் வந்தேன். அதற்குப் பிறகு மூட்டத்தில் ஓடும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு தரம் கை தட்டுவேன், காதில் எதையும் மாட்டிக்கொள்ள மாட்டேன். மந்தை சாலையைக் கடந்தால் கடைசி மாடு போய் ஐந்து நிமிடம் வரை நிற்பேன், கன்று பின்தங்கி வரலாம். மூட்டத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. வெயில் ஏறக் கீழே சமவெளி சூடாகி, ஈரக்காற்று தெற்குச் சரிவில் மேலேறி வந்து மேகமாகும். காலையில் பளிச்சென்று இருந்த வட்டக்கானல் மதியத்தில் பத்தடி தெரியாமல் போவது அதனால்தான். பத்து, பதினொரு மணிக்குள் திரும்பிவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.

மழையைப் பற்றிச் சுருக்கமாக. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெரிய மழை, அப்போது சரிவுப் பாதைகளை விட்டுவிட்டுச் சாலையில் ஓடுவேன். அட்டைகள் வரும். கடித்தால் பிய்த்து எடுக்காமல் நகத்தால் ஓரத்தைத் தள்ளிவிட்டால் போதும். காலுறைக்கு மேல் உப்புத் தடவினால் கொஞ்ச தூரம் வரை தாங்கும், ஈரத்தில் கரைந்துவிடும். ஜனவரியில் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும், விடியலில் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். எனக்குப் பிடித்த மாதம் அது. ஷூ வாங்கும்போது அடிப்பகுதியில் ஆழமான பல் இருக்கிறதா என்று பாருங்கள், வழக்கமான அளவைவிட அரை அளவு பெரிதாக எடுங்கள். இறக்கத்தில் விரல் முன்னால் போய் முட்டி நகம் கருத்துவிடும்.

இரண்டாவது வருடம் பிப்ரவரி தொடக்கத்தில், பாதையை மூடுவதற்கு முன்னால், முறையாக அனுமதி வாங்கி, வழிகாட்டியோடு வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகப் பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரை வரை இறங்கினேன். ஒரே நாளில் இரண்டு பருவம் பார்த்த மாதிரி இருந்தது. கிளம்பும்போது கையுறை. முதல் ஒரு மணி நேரம் மூட்டத்துக்குள். பிறகு சோலை விலகி, காபிச் செடி, ஆரஞ்சு, பலா என்று தோட்டங்கள் வந்தன. கடைசியில் முள்ளும் காய்ந்த புல்லுமாகப் பெரியகுளத்துச் சூடு முகத்தில் அடித்தது. வழிகாட்டித் தம்பிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். அவர் நடந்தார், நான் ஓடினேன், இருவரும் சேர்ந்தே போனோம். சாமான் ஏற்றிய குதிரைகள் எதிரே வந்தபோது மலைப்பக்கமாக ஒதுங்கி நிற்கச் சொன்னார். பள்ளத்துப் பக்கம் நின்றால் மூட்டை இடித்துத் தள்ளிவிடும்.

வெள்ளகவிக்குள் யாரும் செருப்புப் போட்டு நடப்பதில்லை. ஊரே கோயில் என்று வைத்திருக்கிறார்கள். எல்லையில் ஷூவைக் கழற்றி, நாடாவை முடிந்து கழுத்தில் மாட்டிக்கொண்டேன். கல் பாவிய பாதை வெயிலில் இளஞ்சூடாக இருந்தது. முதல் பத்து அடிக்கு ஒவ்வொரு கல்லும் குத்தியது. பதினொன்றாவது அடியில் நான் குட்டையாக அடி வைக்கத் தொடங்கியிருந்ததைக் கவனித்தேன். முழங்கால் மடங்கியிருந்தது, கண் மூன்று எட்டுக்கு முன்னால் போயிருந்தது.

திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களிடம், போன வருடம் இன்ன இடத்தில் தலைச்சுமையோடு வந்த பாட்டி யாராக இருக்கும் என்று கேட்டேன். சிரித்தார்கள். "இங்க எல்லாக் கெழவியும் சும சொமக்குறவதேம்மா. எந்தக் கெழவின்னு சொல்ல?" என்றார் ஒரு பெரியவர். செம்பில் தண்ணீர் கொடுத்தார்கள். வாங்கிக் குடித்துவிட்டு, ஊரின் கீழ் எல்லைக்கு வந்ததும் தம்பி தன் செருப்பைப் போட்டுக்கொண்டார். நான் இன்னும் கொஞ்ச தூரம் ஷூ கழுத்தில் ஆட, வெறுங்காலோடே இறங்கினேன்.